பத்தொன்பது வயது மூப்பர்

பத்தொன்பது வயதுப் பையனை 'மூப்பர்' என்று அழைக்கும் சபை ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் 'எல்டர்' என்பார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை அது. மார்மன்கள் என்றால் பலருக்குத் தெரியும். அந்தப் பெயரால் அழைக்க வேண்டாம் என்று 2018 முதல் அவர்களே கேட்டுக்கொள்கிறார்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் ஒரு கறுப்புப் பெயர் அட்டை, எங்கே போனாலும் இரண்டு பேர். சென்னையிலோ பெங்களூரிலோ நீங்கள் பார்த்திருக்கலாம். இருக்கன்குடிப் பக்கம் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஆனால் அந்த அட்டையை இரண்டு ஆண்டுகள் நெஞ்சில் குத்திக்கொண்டு நடந்த ஒரு தம்பி எங்கள் பகுதியைச் சேர்ந்தவர். பெற்றோர் இருபது வருடங்களுக்கு முன்பு பட்டாசு வேலையை விட்டுவிட்டுக் கோவைக்கு மில் வேலைக்குப் போனவர்கள். அங்கேதான் அந்தச் சபையோடு பழக்கம். தாத்தா மட்டும் இங்கேயே காலனியில் இருக்கிறார். ஊழியம் முடிந்த கையோடு தாத்தாவைப் பார்க்க வந்த தம்பி பத்து நாள் தங்கினார். அவர் பெயரை எழுதப் போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும். வயதில் சின்னவர்தான், ஆனாலும் 'அவர்' என்றே எழுதுகிறோம். அதற்கும் காரணம் இருக்கிறது.

"வெள்ளக்காரன் காசு குடுத்து ஆள் பிடிக்கான்" என்று ஊர்த்தெருவில் பேசிக்கொண்டார்கள். "அமெரிக்க ஏகாதிபத்தியத்தின் கையாள்" என்று நம் தோழர் ஒருவரே சொன்னார். இந்த இரண்டு தரப்பும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. நாங்கள் மூன்று பேர் போய் உட்கார்ந்து கேட்டோம். கேட்டது ஒன்றுதான்: "ஒரு வாரம் எப்படிப் போகும் தம்பி? திங்கள்ல இருந்து சொல்லுங்க."

திங்கள்கிழமை அவர்களுக்கு ஆயத்த நாள். துணி துவைப்பது, காய்கறி வாங்குவது, முடி வெட்டுவது, வீட்டுக்கு எழுதுவது எல்லாம் அன்றைக்குத்தான். முன்பெல்லாம் ஊழியத்தில் இருக்கும் பிள்ளை வருடத்துக்கு இரண்டே தடவைதான் வீட்டோடு பேசலாம், கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். 2019 பிப்ரவரியில்தான் வாரம் ஒரு தடவை பேசலாம் என்று தளர்த்தினார்கள். "திங்கக்கிழமை ஆனா அம்மா போனைக் கையிலயே வச்சிருப்பாங்க அண்ணே. நான் ஜெபத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சா, 'அதெல்லாம் சரி, என்னத்தச் சாப்பிட்ட'ம்பாங்க" என்று சிரித்தார்.

மற்ற நாட்களில் காலை ஆறரைக்கு எழுந்திருக்க வேண்டும். உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு, தனியாக வாசிப்பு, கூட்டாளியோடு வாசிப்பு. பத்து மணிவாக்கில் வெளியே கிளம்பினால் இரவு ஒன்பதுக்குள் அறைக்குத் திரும்ப வேண்டும். பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். சினிமா கிடையாது, காதல் கிடையாது. சம்பளம் கிடையாது, குடும்பம் முடிந்ததைக் கொடுக்கும், மீதியைச் சபை பார்த்துக்கொள்ளும். ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். கூட்டாளியை அவர்களாகத் தேர்ந்தெடுக்க முடியாது, மேலிருந்து போடுவார்கள். அந்தக் கூட்டாளி எந்நேரமும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சில வாரங்களுக்கு ஒரு முறை ஆள் மாறும், ஊரும் மாறும். இவருக்குச் சென்னையும் ஆந்திரத்தில் ஒரு நகரமும் கிடைத்தன.

அவர் ஆறரைக்கு எழுந்து ஜெபம் செய்யும் நேரத்தில் எங்கள் தெருப் பெண்கள் தூக்குவாளியோடு ஆபீஸ் வேனுக்குக் காத்து நிற்பார்கள். வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும்: சாத்தூர், சிவகாசிப் பக்கம் ஆபீஸ் என்றால் பட்டாசுத் தொழிற்சாலை, இல்லையென்றால் தீப்பெட்டித் தொழிற்சாலை. சனிக்கிழமை சம்பளம். முன்பணம் வாங்கியவர்களுக்கு அதில் பிடித்தம் போக மீதி. வாரம் முழுவதும் மருந்தோடு இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் விரல் நகத்தில் அந்த வெள்ளிச் சாம்பல் போகாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நாற்பது பேர்வரை கருகிப் போனார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல். எங்களைப் போன்றவர்கள் வீடு வீடாக அலைவது இப்படிப்பட்ட நாட்களில்தான். பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்றிதழ், நிவாரண மனு. ஒரு கெட்டதும் நடக்காத சாதாரணச் செவ்வாய்க்கிழமையில், ஒன்றும் கேட்காமல், "எப்படி இருக்கீங்க, உள்ளே வரலாமா" என்று காலனி வாசலில் வந்து நிற்கிற ஆள் யார்? கடன் வசூலிக்கிறவரைத் தவிர வேறு யாரையும் எங்களுக்கு நினைவு வரவில்லை.

"எத்தனை பேரை மாத்துனீங்க தம்பி?" என்று கேட்டோம். ஊர்த்தெருவின் குற்றச்சாட்டு அதுதானே. இரண்டு ஆண்டில் அவர் சொல்லிக் கொடுத்து ஞானஸ்நானம் எடுத்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிக் காட்டினார். கேட்டவர்களில் பெரும்பாலானோர் பாதியில் போய்விட்டார்களாம். இதில் வியப்பில்லை. பெங்களூரில் 1993 ஜனவரியிலேயே அந்தச் சபையின் ஊழிய மையம் தொடங்கிவிட்டது. அதற்கும் முன்பே, 1960களில், கோவையில் எஸ். பால் திருத்துவதாஸ் அதில் சேர்ந்து சுற்றுக் கிராமங்களில் சிறு குழுக்களை உண்டாக்கினார். இத்தனை காலத்துக்குப் பிறகும் இந்தியா முழுவதும் அவர்கள் பதினைந்தாயிரத்தைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி ஆற்று மணலில் ஒரே நாளில் இதைப் போலப் பல மடங்கு கூட்டத்தைப் பார்க்கலாம். இந்து மதத்துக்கு இவர்களால் ஆபத்து என்று சொல்கிறவர்கள் அந்தக் கூட்டத்தில் நின்று ஒரு முறை எண்ணிப் பார்க்கட்டும்.

சரி, விரல்விட்டு எண்ணும் ஆட்களுக்காக இரண்டு ஆண்டை ஏன் கொடுத்தார்? இதற்குப் பதிலாக அவர் அந்தப் பெயர் அட்டையை எடுத்துக் காட்டினார்.

அட்டையில் 'எல்டர்' என்ற சொல்லுக்குப் பிறகு குடும்பப் பெயர் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் நமக்கேது குடும்பப் பெயர்? சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து வெட்டியெறிந்த மாநிலம் இது. எனவே தகப்பன் பெயரைப் போட்டார்கள். அந்தத் தகப்பன் பதினோரு வயதில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கத் தொடங்கியவர். இந்த ஊரில் அவரை அவர் பெயர் சொல்லி ஒழுங்காகக் கூப்பிட்டவர்கள் குறைவு. அவரைவிட முப்பது வயது சின்னப் பையன்கள்கூட "ஏலே" என்றுதான் கூப்பிட்டார்கள். தாத்தாவுக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது, இன்றும் "ஏலே, வாலே" தான். அந்தத் தகப்பனின் பெயருக்கு முன்னால் 'மூப்பர்' என்று எழுதி, மகன் நெஞ்சில் குத்திக்கொண்டு இரண்டு ஆண்டு நடந்திருக்கிறார். கூடவே இருந்தவர்களும் மேலே இருந்தவர்களும் காலையிலிருந்து இரவு வரை அவரை அப்படியேதான் கூப்பிட்டார்கள்.

"முத நாள் யாரோ எல்டர்னு எங்கப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. அப்பாதான் வந்திருக்காரோன்னு திரும்பிப் பாத்தேன் அண்ணே."

பணம் கொடுத்து ஆள் பிடிக்கிறார்கள் என்பவர்களுக்கு இந்த ஒரு வாக்கியம் போதும். இங்கே விலையாகக் கொடுக்கப்பட்டது ஒரு விளிச்சொல். அதைக் கொடுக்க ஊர்த்தெருவுக்கு ஒரு பைசா செலவில்லை. இத்தனை நூற்றாண்டாக அவர்கள் அதைக் கொடுக்கவில்லை.

அடுத்ததாகத் தேநீர். அந்தச் சபையினர் மது, புகையிலை மட்டுமல்லாமல் தேநீரும் காப்பியும் குடிக்க மாட்டார்கள். 1833இல் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் அவர்களுடைய தீர்க்கதரிசி ஜோசப் ஸ்மித்துக்குக் கிடைத்ததாகச் சொல்லப்படும் கட்டளை அது. அதில் 'சூடான பானங்கள்' என்று வருவதைத் தேநீர், காப்பி என்று பொருள் கொண்டிருக்கிறார்கள். அந்தக் கட்டளையை எழுதியவர்களுக்குத் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடையைத் தெரியாது.

நமக்குத் தெரியும். எங்கள் பகுதியில் தேநீர்க் கடைப் பெஞ்சில் உட்காரவும், மற்றவர்கள் குடிக்கும் குவளையில் குடிக்கவும் நம்மவர்கள் அடிபட்டிருக்கிறார்கள். பிறகு காகிதக் கப் வந்தது, இரட்டைக் குவளை ஒழிந்தது என்று அதிகாரிகள் அறிக்கை எழுதினார்கள். இன்றும் சில கடைகளில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், யாருக்குக் கண்ணாடிக் குவளை போகிறது, யாருக்குக் காகிதக் கப் போகிறது என்று. இதன் மறுபக்கம் இன்னும் கூர்மையானது: ஓட்டுக் கேட்க, கணக்கெடுக்க, விசாரிக்க நம் வீட்டுக்கு வருகிறவர்கள் நாம் கொடுக்கும் தேநீரை "இப்பதான் குடிச்சேன்", "சுகர் இருக்கு" என்று தள்ளிவைப்பார்கள். ஒரு வீட்டில் தேநீரை மறுக்கிற குரலைக் கேட்டே எந்தத் தெருக்காரர் என்று சொல்லிவிடும் கிழவிகள் எங்கள் காலனியில் உண்டு.

அப்படி ஒரு மூதாட்டி சென்னையில், தூய்மைப் பணியாளர்கள் வாழும் ஒரு குடியிருப்பில், இவர்கள் இருவருக்கும் தேநீர் போட்டு எடுத்து வந்திருக்கிறார். கூட்டாளி வடக்கத்திப் பையன், பழகிப்போன மாதிரி "நோ தேங்க்ஸ், நாங்கள் குடிப்பதில்லை" என்றாராம். மூதாட்டி குவளையைக் கீழே வைக்கவும் இல்லை, திரும்ப எடுத்துப் போகவும் இல்லை. "எங்க வூட்டு டீ வாணாமா?" என்று மட்டும் கேட்டார். வடக்கத்திப் பையனுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. நம் தம்பிக்குப் புரிந்தது. அந்தக் கேள்வியோடு பிறந்தவர் அவர்.

கட்டளையை மீறவும் முடியாது, மறுக்கவும் முடியாது. "பாட்டி, டீ எங்க வழக்கத்துல இல்ல. தண்ணி குடுங்க" என்று கேட்டு வாங்கி, அண்ணாந்து குடிக்காமல், குவளையில் வாய் வைத்துக் குடித்திருக்கிறார். முழுக் குவளையையும் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டிருக்கிறார். பிறகு தெருவில் நடக்கும்போது கூட்டாளிக்கு விளக்கினாராம்: நீ எதைக் குடிக்கிறாய் என்பதைக் கடவுள் பார்க்கலாம், யார் வீட்டில் குடிக்கிறாய் என்பதை இந்த ஜனங்கள் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் உட்கார்ந்ததும் முதல் வேலை தண்ணீர் கேட்பது, வாய் வைத்துக் குடிப்பது. மாறி மாறி வந்த கூட்டாளிகளுக்கெல்லாம் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். யூட்டாவில் அச்சடித்த எந்தக் கையேட்டிலும் இந்தப் பாடம் இருக்க வாய்ப்பில்லை. இருக்கன்குடிக் காலனியிலிருந்து போன பாடம் அது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அப்பமும் தண்ணீரும் கொடுப்பார்கள். திராட்சரசம் இல்லை, வெறும் தண்ணீர், சின்னச் சின்னக் குவளைகளில். பன்னிரண்டு வயதுப் பையன்கள் தட்டை ஏந்திக்கொண்டு வரிசை வரிசையாகப் போவார்கள். பதினாறு வயதுப் பையன்கள் அதை ஆசீர்வதிப்பார்கள். சம்பளம் வாங்கும் பாதிரியார் உள்ளூர்ச் சபையில் கிடையாது. தகுதியுள்ள ஆண் எவருக்கும் குருத்துவம் உண்டு; பெண்களுக்கு இன்றுவரை இல்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். நம் தம்பியும் பதினாறு வயதில் கோவையில் அந்த அப்பத்தைப் பிட்டு ஆசீர்வதித்திருக்கிறார். அவர் கை பட்டதை வாங்கிச் சாப்பிட்டவர்களில் எல்லாச் சாதியும் இருந்திருக்கிறது.

இந்த இடத்தில் பரவசப்பட்டு நின்றுவிட நாங்கள் தயாராக இல்லை. இந்தச் சபையின் வரலாற்றை நம்மைப் போன்றவர்கள்தான் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

1836இல் எலைஜா ஏபெல் என்ற கறுப்பினத்தவர் அந்தச் சபையில் மூப்பராக அமர்த்தப்பட்டார். 1852இல் அவர்களுடைய இரண்டாம் தலைவர் பிரிகாம் யங், ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குக் குருத்துவம் இல்லை என்று அறிவித்தார். ஏபெலின் பட்டம் பறிக்கப்படவில்லை, ஆனால் ஆலயத்துக்குள் உயர்ந்த சடங்குகளைப் பெற அனுமதி கேட்டு அவர் கெஞ்சியபோது மறுத்தார்கள். அப்படியிருந்தும் முதிய வயதில் மீண்டும் ஊழியத்துக்குப் போய், திரும்பி வந்து 1884இல் இறந்தார். ஊழியம் செய்ய ஆகும், உள்ளே வர ஆகாது. கோயிலுக்குக் கல் சுமந்தவனையும் தேருக்கு வடம் பிடித்தவனையும் வாசலோடு நிறுத்திய மண்ணில் பிறந்த நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

அதே 1852இல்தான் இந்தியாவுக்கு ஊழியர்களை அனுப்ப அந்தச் சபை ஆள் தேர்ந்தெடுத்தது. அவர்களில் ரிச்சர்ட் பாலன்டைன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1853இல் சென்னைக்கு வந்து, பெரும்பாலும் ஆங்கிலச் சிப்பாய்களிடமும் ஆங்கிலம் பேசுவோரிடமும் பிரசங்கித்துவிட்டு, உடல்நலம் கெட்டு ஓராண்டில் கப்பலேறினார். ஏறக்குறைய அதே நேரத்தில், 1854இல், சர்ச் மிஷன் சங்கத்தின் தாமஸ் ராக்லண்ட் எங்கள் பகுதிக்கு வந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர், வட திருநெல்வேலிக் கிராமங்களில் கூடாரம் போட்டு ஊர் ஊராக நடந்தவர். 1858 அக்டோபரில் சிவகாசியிலேயே இறந்தார். அவர் நடந்த இதே சிவகாசியில்தான் 1899இல், கோயிலுக்குள் நுழையும் உரிமை கேட்ட நாடார்களின் தெருக்கள் எரிக்கப்பட்டன. இந்தக் கரிசல் மண்ணில் மதம் என்ற சொல்லை எடுத்தாலே கதவு என்ற சொல்லும் கூட வந்துவிடுகிறது. யார் உள்ளே, யார் வெளியே என்பதுதான் இங்கே எப்போதும் கேள்வி.

மார்மன் சபையின் தடை 126 ஆண்டுகள் நீடித்து 1978 ஜூனில் நீங்கியது. தெய்வ வெளிப்பாடு கிடைத்தது என்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில் எட்வின் தர்மராஜுவும் அவர் துணைவியாரும் ஊழியர்களாக ஐதராபாத்துக்கு வந்து தம் உறவினர்களிடையே அந்தச் சபையைத் தொடங்கினார்கள். தடைக்குச் சொல்லப்பட்டு வந்த பழைய காரணங்கள் தவறானவை என்று 2013 டிசம்பரில் சபை எழுத்தில் ஒப்புக்கொண்டது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை.

"இது தெரியுமா தம்பி?" என்று கேட்டோம். தெரிந்திருந்தது. "தெரியும் அண்ணே. படிச்சப்போ ரெண்டு நாள் தூக்கம் வரல. ஆனா ஒண்ணு நெனச்சேன். அவங்க 1978ல தொறந்துட்டாங்க. நம்ம ஊர்ல எப்ப?"

எளிதாகத் தள்ளிவிட முடியாத பதில் அது. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று 1970இல் கலைஞர் சட்டம் கொண்டு வந்தார். நீதிமன்றங்களைத் தாண்டி, 2006இல் மறுபடி ஆணை பிறப்பித்து, பயிற்சிப் பள்ளி திறந்து, பயிற்சி முடித்தவர்கள் வேலையில்லாமல் காத்திருந்து, 2021 ஆகஸ்டில்தான் 24 பேருக்குப் பணி ஆணை கிடைத்தது. அதில் ஐந்து பேர் பட்டியல் சாதியினர். சட்டம் வந்து 51 ஆண்டுகள். அதுவும் இன்னும் நீதிமன்றப் படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. இருக்கன்குடி மாரியம்மனிடம் கண்நோய்க்கு நேர்ந்துகொண்டு கண்மலர் காணிக்கை போடுகிறவர்களில் நம் பெண்கள் எத்தனை பேர்! ஆபீஸில் மருந்து பட்டுக் கண் போனவர்களின் அம்மாக்கள், மனைவிகள். அக்கினிச்சட்டி எடுக்கிறார்கள், மாவிளக்கு வைக்கிறார்கள், ஈரத் துணியோடு மணலில் கும்பிட்டு விழுகிறார்கள். அவர்கள் நம்பிக்கையை நாங்கள் இளக்காரம் செய்ததில்லை. தமிழ்நாட்டின் பெருங்கோயில்களில் அவர்கள் பிள்ளைகள் கருவறையில் நின்று ஆரத்தி காட்டும் நாள் எப்போது வரும் என்றுதான் கேட்கிறோம்.

இன்னொரு கேள்வியையும் விடாமல் கேட்டோம். சபைக்குள் சாதி இருந்ததா? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ஆந்திரத்தில் ஒரு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, "அப்பா பேர் சரி, நீங்க யார் ஆளுங்க?" என்று கேட்டார்களாம். "ஏசு ஆளுங்க" என்று சிரித்து மழுப்பியிருக்கிறார். சோறு போட்டார்கள், பாசமாகத்தான் போட்டார்கள். ஆனால் அதே வீட்டில் மகளுக்கு வரன் பார்க்கும் பேச்சு வந்தபோது சாதியும் கூடவே வந்தது. இரண்டு ஆண்டில் நடந்த எந்தப் பயிற்சியிலும், எந்தக் கூட்டத்திலும் சாதி என்ற சொல் வாயால் சொல்லப்படவில்லை என்றார். 'எல்லாரும் தேவனுடைய பிள்ளைகள்' என்று பாடிவிட்டால் சாதி கரைந்துவிடும் என்று நம்புகிறார்கள். கரையாது. ஐநூறு ஆண்டு பழைய கத்தோலிக்கம் இங்கே அப்படி நம்பிய கதைக்குத் திருச்சி மேலப்புதூர் கல்லறையின் நடுவே எழுப்பிய சுவர் சாட்சி. 2008 மார்ச்சில் எறையூரில் விழுந்த பிணங்கள் சாட்சி. நிறத்தின் பெயரைச் சொல்லித் தடை போட்டவர்கள், தடையை நீக்கும்போதும் நிறத்தின் பெயரைச் சொல்லித்தான் நீக்க வேண்டியிருந்தது. சாதிக்கும் அதுதான் வழி. பெயர் சொல்லாமல் எதையும் ஒழித்ததாக வரலாறு இல்லை.

இப்போது அவர் பெயரை ஏன் மறைத்தோம் என்பதற்கு வருகிறோம்.

தம்பிக்கு ஒரு தங்கை. பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் படிக்க ஆசைப்படுகிறார். குடும்பத்தின் சாதிச் சான்றிதழில் மதம் 'இந்து' என்று இருக்கிறது. நான்கு பேருமே ஞானஸ்நானம் எடுத்துவிட்டார்கள். 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக மாட்டார் என்கிறது. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறித்தவத் தலித்தும் முஸ்லிம் தலித்தும் இன்றும் வெளியே. அந்தப் பத்தியை நீக்கச் சொல்லி 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2024 நவம்பர் 26 அன்று, அரசியல் சாசன நாளில், புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிறித்தவ நம்பிக்கையோடு இருந்துகொண்டு இடஒதுக்கீட்டுக்காக இந்து என்று சொல்வது அரசியல் சாசனத்தை ஏமாற்றுவது என்று சொன்னது. 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம், மதம் மாறியவர் சாதி சொல்லித் தாக்கப்பட்டாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்று தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டில் மதம் மாறிய பட்டியல் சாதியினர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போவார்கள். பட்டியல் சாதிக்கான 18 விழுக்காட்டிலிருந்து வெளியேறி, 26.5 விழுக்காட்டில் நிலமும் கடையும் கல்லூரியும் வைத்திருக்கும் சாதிகளோடு ஓடிப் பிடிக்க வேண்டும். பட்டாசு ஆபீஸ் தொழிலாளியின் பேத்தி யாரோடு ஓட வேண்டியிருக்கும் என்பதை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தகப்பன் எங்களுக்குக் கோவையிலிருந்து போன் செய்து கேட்டார்: "என்னங்க செய்ய?" சட்டம் என்ன சொல்கிறதோ அதைச் சொன்னோம். எது லாபம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. தம்பி குறுக்கே பேசினார். "ரெண்டு வருஷம் ஊர் ஊராப் போய் உண்மையைச் சொல்லுங்கன்னு சொல்லிக் குடுத்தேன் அண்ணே. இப்ப பாப்பாவை ஒரு ஃபாரத்துல பொய் எழுதச் சொல்லவா? உண்மையை எழுதச் சொல்லி அது படிப்பைக் கெடுக்கவா?"

திண்ணையில் படுத்திருந்த தாத்தா அதுவரை வாயே திறக்கவில்லை. அவர் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, மாரியம்மனை விடவும் இல்லை. எழுந்து உட்கார்ந்து சொன்னார்: "சர்டிபிகேட்ல பேரை மாத்திட்டா, அவுங்ய என்னைய ஏலேன்னு கூப்பிடுறத விட்ருவாங்யளா? கேட்டுச் சொல்லுங்க, மாத்திருவோம்."

எந்த ஆணையமும் இதைவிடச் சுருக்கமாக அறிக்கை எழுத முடியாது. ஊர் சான்றிதழைப் பார்த்து நம்மை ஒதுக்குவதில்லை. தெருவைப் பார்த்து, தொழிலைப் பார்த்து, தாத்தா பெயரைப் பார்த்து ஒதுக்குகிறது. மதம் மாறினாலும் அவை மாறுவதில்லை. சட்டம் மட்டும், நீ மதம் மாறியதும் உன் சாதி போய்விட்டது என்கிறது. சாதி போய்விட்டதென்றால் அதை முதலில் ஊர்த்தெருவுக்கு ஆணையாக அனுப்பட்டும். பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் பௌத்தத்துக்குப் போனார். அண்ணல் அம்பேத்கர் 1935இல் அறிவித்து, 21 ஆண்டு தேடி, 1956இல் நாகபுரியில் தீட்சை பெற்றார். எந்த மதம் என்பதில் நாங்கள் அண்ணலின் வழியில் நிற்கிறவர்கள். தம்பியின் மார்மன் புத்தகத்தில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை, அதை அவரிடமே சொன்னோம். ஆனால் தேடும் உரிமை அண்ணலுக்கு மட்டும் உரியதல்ல. அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு அதை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்திருக்கிறது. தலித்துக்கு மட்டும் அதற்குக் கட்டணம் உண்டு: ஒரு நர்சிங் சீட்டு, ஒரு உதவித்தொகை, அடி விழுந்தால் பதிவு செய்ய ஒரு சட்டம்.

ஆகவே மூன்று பேரிடம் எங்கள் பேச்சு. ஒன்றிய அரசிடம்: ஆணையம் போட்டது போதும், மூன்றாம் பத்தியை நீக்குங்கள். எங்கள் வாசலுக்கு வரும் சபைகளிடம், அது மார்மன் சபையானாலும் நூறாண்டு பழைய சபையானாலும்: சாதியின் பெயரைச் சொல்லி, அது பாவம் என்று உங்கள் பீடத்திலிருந்து பேசுங்கள்; உங்கள் வீட்டு வரன் பேச்சிலிருந்தே தொடங்குங்கள். ஊர்த்தெருவிடம்: எங்கள் பிள்ளைகளை யாரோ விலைக்கு வாங்குகிறார்கள் என்று கவலைப்படுகிறவர்கள், அவர்கள் தாத்தாவை நாளைக்குக் காலையில் 'ஐயா' என்று கூப்பிட்டுப் பாருங்கள்.

தங்கையின் விண்ணப்பப் படிவத்தில் பெயர், பிறந்த தேதி, மதிப்பெண் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. மதம் என்ற கட்டம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் இருக்கிறது.